சீமை எலிகளை ஓட வைத்த வேலை

ஓடுகிற மிருகத்தைப் பிடிக்க ஆள் வைப்பார்கள். படுத்துக் கிடக்கிற மிருகத்தை ஓட வைக்க ஆள் வைத்தது ஆம்பூரிலேயே ஒரு வீட்டில்தான், அந்த ஆள் நான். ஜெர்மன் சண்டை முடிந்த மறு வருஷம். ஆசையாக எதையாவது வாங்கி வீட்டில் வைத்து, அது மூலையில் உட்கார்ந்துகொண்டு உங்களையே முறைத்தால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். வளவளவென்று எழுத எனக்கு வராது.

குழியிலிருந்து கூண்டுக்கு

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், பதினெட்டு வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றேன். தோலை ஊறப்போட்டு மயிர் கழற்றுகிற குழி. விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண் ஆகிவிட்டது. டாக்டர் பார்த்தார். இன்னொரு தரம் சுண்ணாம்பில் கை வைத்தால் விரல் நிற்காது என்றார். அதைச் சொல்ல முதலாளியிடம் போய் நின்றேன்.

முதலாளி சாயபு. நல்ல மனுஷர். தோல் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, எந்தப் பட்டையில் பதம் போட்டது, எந்த ஷாப்புச் சரக்கு என்று சொல்லிவிடுவார். அவர் பெண்ணை வாணியம்பாடியில் கொடுத்திருந்தது. அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸிலிருந்து வாங்கி வந்து வளர்த்தது ஆறு சீமை எலி. பெருச்சாளியைவிடச் சின்னது, வால் கிடையாது, ஆறும் ஒரே வெள்ளை. இங்கிலீஷில் அதற்கு இருக்கும் பேரில் பன்றி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அந்த வீட்டில் அந்தப் பேர் எடுக்கக் கூடாது. அதனால் எல்லோருக்கும் சீமை எலிதான்.

மாமியார் வீட்டில் நாலு பூனை. எலியைக் கொண்டுபோக முடியாது. பெண் போனதிலிருந்து எலிகள் அசைவதில்லை. பெண்ணோ எழுதுகிற காகிதத்தில் முதல் வரியிலேயே எலியைத்தான் விசாரிக்கிறது. ஏழாம் மாசம் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரப்போகிறது. அதுவரைக்கும் எலிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். முதலாளி என் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ரெண்டு மாசம் டயம். அவ வர்றப்போ இதுங்க ஓடியாடினா நீ இங்கயே இரு. இப்பிடியே கெடந்துச்சுன்னா நான் இன்னா பண்றது ஏழுமல, குழியிலதான் வேல இருக்குது."

மெத்தை

எலிகள் இருந்தது பழைய வண்டிக் கொட்டகையில். செங்கல் தரை. முதல் வேலையாகத் தரைக்கு ஏற்பாடு செய்தேன். ஷாப்பில் பட்டைக் கிடங்கு பார்க்கிற முனுசாமி எனக்குப் பழைய சிநேகிதன். அவனிடம் சொல்லி இரண்டு கூடை சக்கை வரவழைத்தேன்.

சக்கை என்றால், பதம் ஏறுவதற்காக ஆவாரம்பட்டையை இடித்துத் தோலோடு தொட்டியில் ஊறப்போட்டபின் மிஞ்சுவது. எங்கள் ஊரில் சக்கை போடாத இடம் கிடையாது. அடுப்புக்கு அது. வழுக்குகிற முற்றத்துக்கு அது. குதிரை லாயத்துக்கும் அது. நாற்றம் தங்காது, புழு அண்டாது. ஈரம் காயாமல் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். இரண்டு நாளுக்கு ஒரு தரம் மாற்றினேன். நான் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வேன். முனுசாமி அதைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"நம்ம ஊட்டுப் பாயி கூட இவ்ளோ மெத்துனு இல்லண்ணே. பேசாம எலியாப் பொறந்திருக்கலாம்."

கைதட்டல்

ஓட வைக்க வேண்டும். எப்படி? மாட்டை ஓட்டத் தெரியும். அதையே செய்தேன். கை தட்டினேன். தகரத்தைத் தட்டினேன். "ஹேய்" என்றேன். ஆறும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூலையில் கல்லாய் உட்கார்ந்துவிட்டன. சத்தம் போடப் போட இன்னும் கல். பயந்தால் ஓடுகிற ஜாதி இல்லை இது, பயந்தால் உறைகிற ஜாதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு நாள் ஆயிற்று. நீங்களும் கை தட்டிக்கொண்டிருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.

அப்புறம் சமையல்கட்டில் உடைந்த பானைகளை வாங்கினேன். அடியைத் தட்டி எடுத்துவிட்டு வரிசையாகப் படுக்கப் போட்டேன். ஒரு பக்கம் நுழைந்தால் மறு பக்கம் வரலாம். நானும் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தேன். அரைமணி கழித்து ஒன்று பானைக்குள் மூக்கை நீட்டியது. அது போதாதா? அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டுச் சமையற்காரர் கரீம் பாய் கொட்டகை வாசலில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கத்தியத் தீட்டினாக்கூட ஆடு இவ்ளோ பேஜார் ஆவாதுப்பா," என்றார். "நீ மூஞ்சியக் காட்டினதுக்கே இதுங்களுக்கு உசுரு போவுது."

திரைக்குப் பின்னால்

பெரிய பீபி, அதாவது முதலாளி சம்சாரம், கோஷா. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கொட்டகைக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு, அதில் கனத்த திரை. தினம் சாயந்திரம் நாலு மணிக்குத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கும். உடனே கேள்வி வரும்: "ஓடிச்சா?"

முதல் வாரம் இல்லை என்றேன். பெருமூச்சு கேட்டது. இரண்டாம் வாரம் எனக்கே பாவமாக இருந்தது, குழி பயமும் இருந்தது. "ஓடிச்சுங்க பீபி, நல்லா ஓடிச்சு," என்றேன். அப்புறம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

"எம்பொண்ணு இருந்தப்போ கூட்டிலேர்ந்து அவ மடிக்குப் போவச்சொல்ல டொக்கு டொக்குனு சத்தம் வரும். காலையிலேர்ந்து இங்கதான் ஒக்காந்திருக்கேன், ஒரு சத்தமும் வரல. எனக்கு வயசுதான் ஆயிருக்குது, காது கம்மி ஆவல."

அதற்கப்புறம் அந்தத் திரையிடம் நான் பொய் சொன்னதில்லை.

தின்றது போதும்

எலிகளுக்கு உள்ளேயிருந்து வந்த சாப்பாட்டைக் கேளுங்கள். ஊறவைத்த பாதாம். நெய் பிசைந்த ரொட்டி. வெள்ளிக்கிழமை அல்வா. பெண் வளர்த்த ஜீவன் இளைக்கக் கூடாது என்று பெரிய பீபி அனுப்புவது. கிண்ணம் மூக்குக்கு நேராக இருக்கும். தின்பது, அதே இடத்தில் தூங்குவது. நாமாக இருந்தாலும் ஏன் எழுந்திருக்கிறோம்?

எல்லாவற்றையும் நிறுத்தினேன். அறுகம்புல், கொத்துமல்லித் தண்டு, கொய்யாப் பிஞ்சு, இவ்வளவுதான். அதையும் கிண்ணத்தில் வைக்கவில்லை. ஒரு பிடி இந்த மூலை, ஒரு பிடி அந்த மூலை, ஒரு பிடி பானைக்குள். வேண்டுமென்றால் நடந்து போய்த் தின். முதல் நாள் ஒன்றும் எழவில்லை. மறு நாள் இரண்டு எழுந்தன. மூன்றாம் நாள் ஆறும் விசில் அடிக்கிற மாதிரி கத்தி என்னைக் கேட்டன. புல் வாசம் தெரிந்துவிட்டது. ஆனால் திரைக்குப் பின்னால் அன்று பெரிய சச்சரவு.

"பாதாம் போட்டு வளத்தத மாட்டுக்குப் போடற மாதிரி புல்லு போட்டு வளக்கறியே," என்றார் பெரிய பீபி. "சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சா எங்க மானம் இன்னா ஆவறது?"

மத்தியானம்

சித்திரை மாசம். ஆம்பூர் வெயில். எங்கள் பக்கத்துப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கின சூட்டைச் சாயந்திரம் திருப்பிக் கொடுக்கும். கொட்டகை ஓடு காய்ந்து உள்ளே அடுப்பு மாதிரி. கொட்டகையை ஒட்டின கிணற்றடியில், வேப்ப மரத்துக்குக் கீழே மூங்கில் தட்டியால் ஒரு அடைப்புக் கட்டி, மேலே ஈரச் சாக்குப் போட்டேன். எலிகளையும் பானைகளையும் அங்கே மாற்றினேன். சக்கையையும்தான். விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் கொஞ்சம் நடந்தன. நடுவில் படுத்துவிடும்.

முதலாளி வந்து பார்த்ததோ சரியாக மத்தியானம் இரண்டு மணிக்கு. ஆறும் வயிற்றைத் தரையில் ஒட்டிக் கிடந்தன. அவர் விசிறியால் வீசிக்கொண்டே, "இன்னா, ஒண்ணுகூட ஓடலியே," என்றார். எனக்கு எரிச்சல். பத்து நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை. "இந்த வெயில்ல நீங்க ஓடுங்க மொதலாளி, நான் பாக்கறேன்," என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அவர் விசிறி நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

"குழியில இருந்த பதினெட்டு வருசமும் நீ வாயே தொறக்கல. எலிங்களோட சேந்ததும் பேச்சு வந்துடுச்சா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளங்கால்

ஒரு மாசம் ஆயிற்று. சாப்பாடு சரி, நிழல் சரி, பயம் தெளிந்துவிட்டது. புல்லைக் கண்டால் வருகின்றன. ஆனால் ஓடவில்லை. நடப்பதும் ஒரு மாதிரி. சுடுமணலில் நடக்கிறவன் மாதிரி காலை எடுத்து எடுத்து வைத்தன. இரண்டு அடி வைத்துவிட்டு உட்கார்ந்து காலை நக்கின.

ஒன்றைத் தூக்கி மல்லாக்கத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் ரோஸாக, குழந்தைக் கால் மாதிரி இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தது. கட்டை விரலால் தேய்த்தேன். கரகரவென்றது. விரல் இடுக்கில் வெடிப்பு. என் கையில் எங்கே வெடித்திருந்ததோ அதே இடத்தில். ஆறையும் பார்த்தேன். இருபத்துநாலு காலும் அப்படியே.

தரையைப் பார்த்தேன். சக்கை. தோலைப் பதம் போடுகிற சாறு தொட்டியில் எவ்வளவு இறங்கினாலும் சக்கையில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அதை ஈரமாக, நாலு விரல் கனத்துக்கு, இரண்டு நாளுக்கு ஒரு தரம் புதுசாக மாற்றி, ஒரு மாசம் அதன் மேல் நிற்க வைத்திருக்கிறேன். வேறு ஊர்க்காரன் வைக்கோலைப் போட்டுவிட்டுப் போயிருப்பான். நான் தோல் ஷாப்புக்காரன். ஆறு எலியையும் உயிரோடு பதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே குழி. சக்கையை ஒரு பொட்டு விடாமல் வாரிக் கொட்டினேன். முனுசாமியை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். அவன் ஒரு காலைப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"பதம் நல்லாத்தான் ஏறியிருக்குதுண்ணே," என்றான். "இன்னும் ஒரு மாசம் உட்டிருந்தா செருப்புக்கே ஆயிருக்கும்."

எண்ணெய்

தரைக்கு வேர்க்கடலைக் கொடியும் வைக்கோலும் காயப்போட்டுப் பரப்பினேன். காலுக்கு என்ன செய்வது? என் கைக்கு டாக்டர் சொன்னது தேங்காய் எண்ணெய். அதையே போட்டேன். காலையில் என் கைக்கு ஒரு தரம், அவற்றின் காலுக்கு ஒரு தரம். சாயந்திரமும் அப்படியே. ஆறு எலி, இருபத்துநாலு கால். பொறுமை எனக்குச் சொத்து இல்லை. இருந்தும் உட்கார்ந்து தடவினேன். ஒவ்வொன்றும் மடியில் மல்லாந்து கிடந்து என்னைப் பார்க்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

என் சம்சாரம் கன்னிம்மா ஒரு நாள் சோறு கொண்டு வந்தாள். நான் எலிக் காலில் எண்ணெய் தடவுகிறதைப் பார்த்தாள். சோற்றுத் தூக்கை டங்கென்று வைத்தாள். அவள் பட்டை இடிக்கிற வேலைக்குப் போகிறவள். தன் காலைத் தூக்கிக் குதிகாலைக் காட்டினாள்.

"கல்யாணம் ஆனதிலேர்ந்து எங்காலு வெடிச்சிக் கெடக்குது. ஒரு நாளு இன்னாம்மே ஆச்சுன்னு கேட்டியாய்யா? எலிக்கி ஓடியாந்து தடவறே!"

அன்று சாயந்திரம் எண்ணெய்க் கிண்ணத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

சத்தம்

மூன்று வாரம் ஓடியது. பழுப்புத் தோல் ஓரத்திலிருந்து உரிந்து, கீழே ரோஸ் தெரிந்தது. ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், கிணற்றடியில் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ தபதபவென்றது. திரும்பினேன். ஒன்று அடைப்பைச் சுற்றி ஓடுகிறது. அதன் பின்னால் இன்னொன்று. ஒரு பானைக்குள் நுழைந்து மறு பானையில் வந்தன. நடுவில் ஒன்றுக்கு என்ன தோன்றியதோ, நின்ற இடத்திலேயே நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு துள்ளு துள்ளியது. யாரோ கீழேயிருந்து சுண்டிவிட்ட மாதிரி. பிறகு ஆறும்.

நான் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாக்கில் இருந்த தண்ணீரெல்லாம் என் காலில் வடிந்தது. திரைப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அன்றைக்கு 'ஓடிச்சா' என்ற கேள்வி வரவில்லை.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் ஏழுமல," என்றார் பெரிய பீபி. "கேக்குது."

சின்ன பீபி வந்தது

ஏழாம் மாசம் பெண் வந்தது. ஸ்டேஷனிலிருந்து ஜட்கா, சுற்றிலும் திரை கட்டி. ஆறு எலியையும் கூடையில் வைத்துக் கதவுத் திரைக்கு அடியில் தள்ளினேன். உள்ளே என்ன நடந்தது என்பதைக் காதால்தான் கேட்டேன். முதலில் கொஞ்சல். அப்புறம் தபதப. அப்புறம் ஏதோ பாத்திரம் உருண்டது. அதற்கப்புறம் அழுகை. உருதுவில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதி புரியும். அந்தப் பாதியே போதும். 'இது என்னுது இல்ல. என்னுது குண்டா இருக்கும். மடியில உட்டா அங்கயே ஒக்காந்திருக்கும். இது இளைச்சி இருக்குது, ஒரு நிமிஷம் நிக்கமாட்டேங்குது. என்னுது செத்துப்போச்சு, வேற வாங்கி வெச்சிருக்காங்க.'

முதலாளி வெளியே வந்தார். முகம் சரியில்லை. "செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கலாம் ஏழுமல. மாத்தி வெச்சியா?" என்றார். "மாத்தல. பீபிக்குத் தெரியும்," என்றேன். திரைக்குப் பின்னால் பெரிய பீபி, தினம் சத்தம் கேட்டேன், ஆனால் கண்ணால் பார்க்கவில்லையே என்றார். ஆறும் ஒரே வெள்ளை. எதைக் காட்டி நிரூபிப்பது?

ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் என் குட்டு வெளியாகும். காட்டாவிட்டால் நான் திருடன். இரண்டுக்கும் கடைசியில் குழிதான். சரி, திருடனாகக் குழிக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். "ஒண்ணைக் குடுங்க," என்றேன். திரைக்கு அடியில் கூடை வந்தது. ஒரு எலியை எடுத்து மல்லாத்தி முதலாளியிடம் நீட்டினேன். உள்ளங்கால் நடுவில் ரோஸ். ஓரத்தில் இன்னும் பழுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒரு மாசம் ஈரச் சக்கையில நிக்க வெச்சிட்டேன், மொதலாளி. என் தப்பு. காலு பதமாயிடுச்சு. அதுக்கப்புறம் எண்ணெ போட்டு சரி பண்ணேன்," என்றேன்.

அவர் எலியின் காலைக் கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னொரு தரம் தேய்த்தார். பிறகு திரையைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "அழாதேம்மா. ஆவாரம்பட்ட. நம்ம ஷாப்புத் தொட்டிதான். இது நம்ம சரக்கு, மாத்தல."

திரைக்குப் பின்னால் விசும்பல் நின்றது. அப்புறம் அந்தப் பெண் சிரித்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. பெரிய பீபி, மாசமான பெண் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று அதட்டிவிட்டுத் தானும் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. எலியின் காலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "எந்த எண்ணெ?" என்றார். "தேங்கா எண்ணெ." "கையிக்கு?" "அதேதான்." எலியை என்னிடம் கொடுத்தார். நான் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அது திமிறிக் குதித்துத் திரைக்கு அடியில் ஓடிவிட்டது. உள்ளேயிருந்து சின்ன பீபியின் குரல் வந்தது:

"அவர எங்கயும் அனுப்பாதீங்கப்பா. இதுங்கள மறுபடியும் எம்மடியில ஒக்கார வெக்க எவ்ளோ நாளாவும்னு கேளுங்க."

அதற்கப்புறம் ஐந்து வருஷம் சுண்ணாம்பில் கை வைக்காமல் அந்த வீட்டில் இருந்தேன். ஓட வைத்ததற்காக இல்லை, கடைசி வரைக்கும் ஒன்றைக்கூட அந்த மடியில் உட்கார வைக்க முடியாததற்காக.